ஒலிக்காத எழுத்து

கிளாக்ஸ்விக் துறைமுகத்தில் மீன் எடைபோடும் கூடம்.
அங்கே எல்லாம் விண்டோஸ்.
என் மேசையில் லினக்ஸ், அது மட்டும்.
இங்கிருந்தே கட்டித் தருகிறேன் என்றேன்.
ஜன்னல் பற்றிய சிலேடையை
ஹோக்னி காலையிலேயே சொல்லித் தீர்த்துவிட்டான்.

வெளியே மழை பக்கவாட்டில் பெய்தது,
இந்தத் தீவுகளில் அதற்கு அதுதான் பழக்கம்.

சாய்கோடுகளை எல்லாம் எதிர்ப்பக்கம் சாய்த்தேன்.
வரிமுடிவு ஒவ்வொன்றிலும்
கண்ணுக்குத் தெரியாத இன்னொரு குறியைச் செருகினேன்.
எனக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு ஆள்,
அவர்களுக்கு ஒரே ஆள்;
இரண்டு கோப்புகள் அடித்துக்கொண்டு
ஒன்று மட்டும் பிழைத்தது.
என்னிடம் ஓடாத ஒன்றை
என்னிடமே பிறப்பித்து
வைனுக்குள் ஒரு தரம் ஓட்டிப் பார்த்தேன்,
மூக்கைப் பிடித்துக்கொண்டு ருசி பார்ப்பது போல.
அடுத்து, அடுத்து, சம்மதம், முடிந்தது.
பதினொரு மெகாபைட்.

இரவு ஒன்றேகாலுக்கு ஃபோன்.
ஏயுன், இரவுப் பணி, பின்னால் கன்வேயர் இரைச்சல்.
"தெரியாத வெளியீட்டாளர் என்றது, நம்பினேன்.
இப்போது என் பெயரையே கேள்வி கேட்கிறது."

படம் அனுப்பினான்.
அவன் பெயரில் ஒரு கோப்புறை,
பெயரின் நடுவே கேள்விக்குறி.
அதற்குமேல் பாதை இல்லை.

தலையில் கோடு கிழித்த எங்கள் எழுத்து அது.
எழுதுவோம், உச்சரிக்க மாட்டோம்.
போலந்திலிருந்து மலிவாக வந்த அந்தக் கணினிக்கு
அதை எழுதவும் தெரியாது.
எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று?

என் பெயரிலும் அது உண்டு.
பதினாறு வயதில் முதல் லினக்ஸ் நிறுவியபோது
பயனர் பெயர் கேட்டது.
தகராறு வேண்டாமென்று நானே எடுத்துவிட்டேன்.
அன்றிலிருந்து
பல் விழுந்த பெயரோடு குடியிருக்கிறேன்,
என் சோதனை எதுவும் தோற்றதில்லை.

ஸ்கிரிப்ட்டின் மூன்றாம் வரி:
யூனிகோடு, இல்லை.
எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது.
ஆம் என்று மாற்றினேன்.
மறுபடி கட்ட நாற்பது விநாடி,
கெட்டில் கொதிக்கக்கூட இல்லை.

மூன்று மணிக்கு இன்னொரு படம்.
பெயர் முழுசாக இருந்தது.
திரையின் ஓரம் செதில் ஒன்று ஒட்டியிருந்தது.
கீழே முதல் எடை:
காட் மீன், நான்கு கிலோ இருநூறு.
ஏயுன் வேறொன்றும் எழுதவில்லை.

நான் தூங்கப் போகவில்லை.
புதிய பயனரை உருவாக்கச் சொல்லி
என் பெயரை முழுசாக அடித்தேன்.
தவறான பெயர் என்றது
என் லினக்ஸ்.

கையேட்டைத் திறந்து கீழே கீழே போனேன்.
கெட்ட பெயரை அனுமதி
என்றொரு விருப்பம் இருந்தது.
சேர்த்தேன்.