முப்பத்தெட்டு டிகிரி

ஃப்ரீசரில் இடது மூலை என்று
அம்மாவோடு பேசி முடிவாகியிருக்கிறது.
வலதுபக்கம் மீன். நடுவில்
ஐஸ்கிரீம் டப்பாவில் தேங்காய்த் துருவல்.
மூலையில், கறுப்புப் பைக்குள்
பன்னிரண்டு வெள்ளெலிகள்
எல்லாம் ஒரே பக்கம் ஒருக்களித்து
வாலோடு வால் ஒட்டி உறைந்து.
ஒன்றைப் பிரிக்கையில் டக்கென்று ஒரு சத்தம்.
அதற்கு முன்பே அம்மா
புறவாசலுக்குப் போயிருப்பாள்.

கிப்சன் கத்தாருக்குப் போகும்போது
பைக்கை விற்றான், கிதாரை விற்றான்.
பாம்பை மட்டும்
"ஒரு வருசம் பாத்துக்கோக்கா" என்றான்.
ஆப்பிரிக்கப் பாம்பு.
வனத்துறைக்கு எழுதிக்கொடுத்த காகிதத்தை
பைபிளில் ஆதியாகமத்துக்குள் வைத்திருந்தான்.
அம்மா பார்த்துவிட்டு
ரூத்துக்கு மாற்றினாள்.
சுருண்டு கிடந்தால் கருப்பட்டி வட்டு மாதிரி இருக்கும்.
பெயரும் அதுதான்.

முதலில் உயிரெலிதான் போட்டேன்.
சனிக்கிழமைக்கு ஒன்று,
மேலப்பாளையத்தில் மன்சூரின் மீன்தொட்டிக் கடையில்.
குலவணிகர்புரம் கேட் அடைத்துக் கிடந்தால்
மடியிலிருக்கும் டப்பா மெல்லச் சூடாகும்.
உள்ளே நகம் சுரண்டும்.
"நீயா கொல்லுத? அது திங்குது,
அவ்வளவுதான்" என்பான் கிப்சன் ஃபோனில்.
நானும் மூடியைச் சாத்திவிட்டு
கழுவின பாத்திரங்களையே
இன்னொரு தடவை கழுவுவேன்.

பங்குனியில் ஒரு ராத்திரி
கருப்பட்டிக்குப் பசியில்லை.
எனக்குத் தெரியாது, தூங்கிவிட்டேன்.
விடிந்து பார்த்தால்
எலி அதன் முதுகில் உட்கார்ந்து
முகம் துடைத்துக்கொண்டிருந்தது.
பாம்பின் கழுத்துக்குக் கீழே மூன்று இடத்தில்
சதை தெரிந்தது.
அதற்கும் பசித்திருக்கிறது,
நான் ஒரு வாய் சோளம்கூட வைக்கவில்லை.

ராமையன்பட்டி ஆஸ்பத்திரியில்
சினைப்பசுவுக்கும் கிடாவுக்கும் நடுவே வரிசையில் நின்றேன்.
"இது எத்தனை லிட்டர் கறக்கும்?" என்றார் கிடாக்காரர்.
களிம்பு எழுதித் தந்த டாக்டர்
"இனிமே உறைஞ்ச எலி" என்றார்.

கடித்த எலியை மன்சூர் திரும்ப வாங்கவில்லை.
பாளையங்கால்வாய்க் கரையில் விட்டேன்.
அவ்வளவு பச்சையில் அவ்வளவு வெள்ளை.
மேலே கம்பியில் காக்கைகள்.
திரும்பிப் பார்க்காமல் வந்ததை
இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது பெங்களூரிலிருந்து தெர்மாகோல் பெட்டி வருகிறது.
நோவில்லாமல் முடிக்கப்பட்டது என்று ஒட்டியிருக்கிறது.
யார் முடித்தார்கள் என்று இல்லை.
அடுத்த வீட்டுப் பூரணத்தக்கா கேட்டாள்:
"பாம்பும் சாமி, எலி பிள்ளையாருக்கு வண்டி.
நடுவுல நீ எந்தக் கட்சிட்டீ?"

மூன்று வாரம் தொடவில்லை கருப்பட்டி.
வெந்நீரில் போட்டு, காய்ச்சல் தெர்மாமீட்டரில்
முப்பத்தெட்டு பார்த்து
(நமக்கு அது காய்ச்சல், எலிக்கு உயிர்)
இடுக்கியில் பிடித்து ஆட்டிக் காட்டினேன்.
செத்ததை நடக்க வைப்பதற்கு
கை வெட்கப்பட்டது.

நாலாம் வாரம் ஹேர்டிரையரை அதன் தலையில் காட்டினேன்.
கண்ணிமைக்குமுன் பாய்ந்து பிடித்தது,
சுற்றியது, இறுக்கியது.
ஏற்கெனவே நின்றுபோன இதயம்
நிற்கும்வரை
பொறுமையாகக் காத்திருந்தது.
கடிகாரம் பார்த்தேன்: ஏழு நிமிடம்.
இந்த முறை அடுப்படிக்குப் போகவில்லை.

"தின்னுட்டா?" என்றாள் அம்மா, கதவுக்கு அந்தப்பக்கமிருந்து.
தின்னுட்டு.
டைனிங் டேபிளில் தட்டு வைக்கும் சத்தம்.
சாளைக் குழம்பு, தலையோடு.
கையை ரெண்டுதரம் சோப்புப் போட்டுக் கழுவினேன்.
"ஆறுமுன்ன சாப்பிடு" என்றாள்.