ஈரமானி

படுக்கையறை மூலையில், அலுமாரிக்குப் பின்னால்
சுவர் கறுத்திருந்தது.
முதலில் ஒரு யூரோக் காசளவு.
கார்த்திகை முடியத் தோசையளவு.

வீட்டு நிர்வாகம் கடிதம் போட்டது:
நீங்கள் அதிகம் சமைக்கிறீர்கள்,
அதிகம் குளிக்கிறீர்கள்,
யன்னலைப் போதிய நேரம் திறப்பதில்லை.
அதிகம் மூச்சு விடுகிறீர்கள் என்று மட்டும்
எழுதவில்லை.

அந்தக் கடிதம் வருமுன்னரே
குளியலறைக் கம்பியில் ஒரு பை தொங்கியது.
கோதுமை வைக்கோலை நறுக்கி
பெரிய அலுமினியப் பானையில்
எழுபது பாகையில் ஒரு மணித்தியாலம் வைத்தேன்.
குகநேசன் வெப்பமானியை விட்டுவிட்டுப் பார்த்து
'இது மாட்டுக்கோ மனிசருக்கோ?' என்றான்.
ஆறவிட்டு, பிழிந்து, வித்துத் தூவி
இறுக்கி நிரப்பி
கத்தி நுனியால் ஒன்பது கீறல்.

இரண்டு கிழமை ஒன்றுமில்லை.
பிறகு உள்ளிருந்து வெளுக்கத் தொடங்கியது,
கண்ணாடியில் யாரோ ஊதியதுபோல.

ஆக, ஒரே வீட்டுக்குள் இரண்டு பூஞ்சணம்.
ஒன்றை வினாகிரி போட்டுத் தேய்த்தேன்.
மற்றதற்குக் காலை, மத்தியானம், இரவு
தண்ணீர் தெளித்தேன்.
அதே கையால்தான்.

மார்கழியில் ஒரு செவ்வாய், ஒன்பதரைக்கு
ஹெர் லோமான் வந்தார்,
சப்பாத்துக்கு நீல உறை மாட்டிக்கொண்டு.
இரண்டு ஊசி நீட்டிய கருவியைச் சுவரில் குத்த
அது கீச்சிட்டது.
படிவத்தில் ஒரு கட்டத்துக்குள் புள்ளடி போட்டார்:
'குடியிருப்போர் பழக்கம்.'
எழுத்தைத் தலைகீழாய் வாசிக்க எனக்கு வரும்.
அலுவலகங்களில் மேசைக்கு மறுபக்கம்
பதினொரு வருசம் இருந்து படித்தது.

குளியலறைக் கதவில் நான் சாய்ந்து நின்றேன்.
அவர் 'மன்னிக்கவேண்டும்' என்றார். விலகினேன்.

கீறல் ஒவ்வொன்றிலும்
சாம்பல் நிறக் காதுகள், கொத்துக் கொத்தாய்.
அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி போட்டார்.
'இது என்ன?'
'இரவுச் சாப்பாடு' என்றேன்.
'ஈரம் எங்கிருந்து வருகுதெண்டு
இப்ப விளங்குது' என்ற மாதிரி
பேனையை எடுத்தார்.

கோபம் வந்தால் எனக்கு ஜெர்மன் நன்றாக வரும்.
விளிம்பைப் பாருங்கள், என்றேன்.
காளான்களின் ஓரம் வெடித்திருந்தது, பித்தவெடிப்புப் போல.
மொட்டுகள் ஐந்தாறு சுண்டி
கராம்பு மாதிரி நின்றன.
ஒரு நாளைக்கு மூன்றுதரம் தெளித்தும்
இது இப்படிக் காய்கிறது, ஐயா.
என் வீட்டுக் காற்று ஈரமென்றால்
இந்தப் போத்தலோடு நான் ஏன் அலைகிறேன்?

அவர் பதில் சொல்லவில்லை.
பையிலிருந்து வேறொரு கருவியை எடுத்து
நடுக்கூடத்தில் பிடித்தார். நாற்பத்தொன்று.
படுக்கையறையில் பிடித்தார். நாற்பத்துநான்கு.
அலுமாரி மூலைக்குப் போய், யன்னலைத் திறந்து
அரை உடம்பை வெளியே விட்டு
அண்ணாந்து பார்த்தார்.

மேல்மாடிக்கு மேலே பீலி பிளந்து
மழை சுவரோடு சுவராய் இறங்கிக்கொண்டிருந்தது.
வூப்பர்டாலில் மழைக்கு என்ன பஞ்சம்.
கீழே ஆற்றுக்கு மேல்
தொங்குரயில் நனைந்துகொண்டு போனது.
தலைமுடியிலிருந்து சொட்டச் சொட்ட உள்ளே வந்து
புள்ளடியை வெட்டி
பக்கத்தில் சின்னதாய் ஒப்பமிட்டார்.

ஒரு கொத்துக் கொண்டுபோங்கள் என்றதற்கு
'லஞ்சமாகிவிடும்' என்றார். சிரிக்கவில்லை.
வாசல்வரை போய்த் திரும்பி
வித்து எங்கே வாங்கினேன் என்று கேட்டார்.

(பீலிக்கு ஆட்கள் வரப் பங்குனி ஆயிற்று.
அதற்குள் பை இன்னும் இருதரம் காய்த்து
இளைத்து, மஞ்சளாகி
மாடத்து ரோசாச்சாடிக்குப் போய்விட்டது.)

அன்றிரவு என் சாட்சியை
அடியோடு திருகி எடுத்தோம்.
முந்நூற்றுப் பத்துக் கிராம்.
வெங்காயம், மிளகு, கொஞ்சம் கறிவேப்பிலை.
வறண்டு போனதென்று நான் அத்தனை வாதாடிய காளான்
சட்டி சூடேறத் தண்ணீர் விட்டது,
விட்டது, விட்டுக்கொண்டே இருந்தது.
ஆவி எழும்பிக் கூரையில் முட்டியது.

குகநேசன் சட்டியைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.

நான் போய் யன்னலைத் திறந்தேன்.