நாடு என்ற கட்டம்

கார்த்திகைக் கடைசியில் கப்பல் ஏறியது
நிலாவாரை, நானூற்றுப் பத்துச் சிப்பம்.
சாத்தான்குளத்துச் செம்மண்
இன்னும் காம்பில் ஒட்டியிருந்தது.
சணல் சாக்கின் வயிற்றில் தகடு வைத்து
ஞானதிரவியம் கறுப்பு மை தேய்த்தார்:
நாலு எழுத்து, கீழே ஒடெசா.
நான் பில் போட்டேன்.
பணம் ரூபாயில் வரும், ஒப்பந்தம் அப்படி.
ஆனியில் ரெண்டு தரம் வழுக்கி விழுந்த ரூபாய்தான்,
என்றாலும் நம்ம ரூபாய்.

கிறிஸ்துமஸுக்குக் கிட்டங்கி அடைப்பு.
திறந்த அன்றைக்குப் பேப்பரில் போட்டிருந்தான்
கொடியை இறக்கியாச்சு என்று.
கப்பல் அப்போது செங்கடலில்.
சரக்குக்கு ஊர் இருந்தது, நாடு இல்லை.
துறைமுகம் ஒரு நாட்டில்,
வாங்கியவன் இன்னொரு நாட்டில்,
அவன் கையெழுத்துப் போட்ட நாடு
எங்கேயும் இல்லை.

இலை பொறுக்கிக்கொண்டிருந்த பேச்சித்தாய்
தலை நிமிராமல் கேட்டாள்:
"ஒரு நாடு செத்தா எத்தன நாளு தீட்டு, கணக்கப்பிள்ள?"
யாரும் சிரிக்கவில்லை.
சனிக்கிழமைக் கூலி அந்தக் கப்பலில் இருந்தது.

பாங்க் மேனேஜர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.
"கணக்கு இருக்கு. கணக்குக்கு உடையவன் இல்ல."
டெலக்ஸ் அடித்தோம்
பொங்கல் வரை, பிறகு மாசி வரை.
அந்தப் பக்கம் மிஷின் வாங்கிக்கொள்ளும்,
பதில் எழுத ஆள் இல்லை.

ஏரல் பஸ்ஸில் வீடு திரும்புகையில்
கொற்கை விலக்கில் நாலு பேராவது இறங்குவார்கள்.
கொற்கைக்கு இப்போதும் வழி இருக்கிறது.
கடல்தான் வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டது.
முத்துக்கு வந்தவன் கப்பலைக் கட்டிய இடத்தில்
வாழைக்கு மண் அணைக்கிறார்கள்.
அன்றைக்கும் ஒரு கணக்கப்பிள்ளை இருந்திருப்பான்.
தண்ணீர் ஒரு முழம் தள்ளிப் போனதை
ஓலையில் ஏற்றாமல் விட்டிருப்பான்,
நாளைக்கு வந்துவிடும் என்று.

ஆடியில் ஹாம்பர்க்காரன் ஒருத்தன்
ஒடெசா ஷெட்டில் கிடந்ததைப்
பாதி விலைக்கு எடுத்தான், மார்க் கொடுத்து.
முதலாளி அதற்கும் திருச்செந்தூரில்
சந்தனக்காப்புச் சாத்தினார்.
பத்து வருஷத்தில் அந்த மார்க்கும் போய்ச் சேர்ந்தது.

எங்கள் தொழிலில் ஒரு வசதி.
எவன் கொடி ஏறினாலும் எந்தப் பணம் செல்லுபடியானாலும்
மனுஷனுக்கு வயிறு அடைக்கும்.
ராத்திரி வெந்நீரில் நாலு இலை;
விடிந்தால் ராஜாவுக்கும் புரட்சிக்காரனுக்கும்
ஒரே அவசரம்.

அந்தத் தகட்டை ஞானதிரவியம்
காயலான் கடைக்குப் போடவில்லை.
மூலையில் எலிப்பொந்தின் மேல் வைத்து
ஆணி அறைந்தார்.
"ஓட்டைய ஓட்டைய வச்சு அடைக்கீரேவே" என்றேன்.
அன்று சாயங்காலமே
முதல் எழுத்தின் வளைவு வழியாக
ஒரு சுண்டெலி வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனது.

இப்போது எல்லாம் கம்ப்யூட்டர்.
நாடு என்ற கட்டத்தைத் தட்டினால்
இருநூறு பேர் வரிசையில் வந்து நிற்கிறார்கள்,
அகர வரிசையில், ஆளுக்கொரு கொடியோடு,
என்றைக்கும் இருக்கப்போகிறவர்கள் மாதிரி.
ஒன்றைத் தொடுகிறேன்.
ஆபீஸ் பிரதியில் மட்டும் அந்தப் பெயரைப்
பென்சிலால் எழுதி வைக்கிறேன்.
முதலாளி மகன் ஒருநாள் பார்த்துவிட்டான்.
"இது என்ன பழக்கம் அண்ணாச்சி?"

வெளியே லாரி ஹாரன்.
மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது.
இலை நனைந்தால் கறுத்துவிடும்.
தார்ப்பாய் எடுக்கப் போனோம்.