மூடி திறக்கப்பட்டது

வால்மியெராவில், பெட்ரோல் பங்குக்குப் பின்னால்
கார் டிக்கியைத் திறந்து காட்டினான் ஐனார்ஸ்.
தொண்ணூறு யூரோ. முகத்தைச் சுளித்தால் எண்பது.
இருபத்தேழு கிலோ. மருத்துவமனையில் கழித்துக் கட்டியது.
நெற்றியில் பாதி உரிந்த ஸ்டிக்கர்: எக்ஸ்ரே பிரிவு, இரண்டு.
எத்தனை பேரின் விலா எலும்புகள்
இதற்குள் வரிசையில் நின்றிருக்குமோ.
டிஸ்கையெல்லாம் துடைத்தாயிற்று என்றான்.
நம்பினேன்.
வீட்டுக்கு வந்து இன்னொரு முறை துடைத்தேன்.

நிலவறையில் உருளைக்கிழங்குச் சாக்கைத் தள்ளி இடம் பண்ணினேன்.
முதல் தடவை சுவிட்சைத் தட்டியதும்
ஓடுபாதையில் விமானம் கிளம்பும் ஓலம்.
அலமாரியில் வெள்ளரிக்காய் ஜாடிகள்
ஒன்றோடொன்று பல் நறநறத்தன.
ஒற்றைச் செருப்போடு இறங்கி வந்தான் தம்பி க்விடோ.
பார்த்தான். ஏறிப் போனான்.
அடுத்த மாதம் என் தட்டில், ரொட்டி இருக்க வேண்டிய இடத்தில்
மின்கட்டண பில்.
அதற்குப் பிறகு
எங்களுக்குள் கதவுகள்தான் பேசிக்கொண்டன.

அது தன் கடிகாரத்தில்
இரண்டாயிரத்துப் பத்து, ஜனவரி ஒன்று என்று அடித்துச் சொன்னது.
உள்ளே காசு அளவு பேட்டரி செத்துக் கிடந்தது.
பாஸ்வேர்டு முன்பக்கத்திலேயே இருந்தது,
நாக்கைப் போல இழுத்தால் வரும் பிளாஸ்டிக் அட்டையில்.
மாற்றினேன். விசிறிகளை இருபது சதவீதத்துக்கு அடக்கினேன்.
ஜாடிகள் அடங்கின. க்விடோ அடங்கவில்லை.

பெரிய எந்திரத்துக்குள் சின்னதாக இன்னொன்று உண்டு,
கட்டைவிரல் நகம் அளவில் ஒரு சில்லு.
பெரியது அணைந்து கிடந்தாலும்
பிளக்கில் மின்சாரம் உள்ளவரை இது கண்ணயராது.
இதற்கென்று தனிக் கம்பி, தனி முகவரி.
நான் கப்பலில் எலக்ட்ரீஷியன்.
லியெபாயாவிலிருந்து டிராவமுண்டே, திரும்ப லியெபாயா,
இரண்டு வாரம் கடல், இரண்டு வாரம் வீடு.
நள்ளிரவுப் பணி முடிந்து
பங்க் படுக்கையில் போனை மார்பில் வைத்துக் கேட்பேன்.
சொல்லும்: உள்ளே வரும் காற்று ஒன்பது டிகிரி.
அப்படியானால் நிலவறை ஜன்னலை
அவன் இன்னும் அடைக்கவில்லை.

பிப்ரவரியில் மூன்றாம் விசிறி திக்கத் தொடங்கியது.
ஒன்று நின்றால் மற்றவை தொண்டை கிழியக் கத்தும்,
என் இருபது சதவீதத்தை யார் மதித்தார்கள்.
வீடு திரும்ப ஒன்பது நாள்.
அங்கே மேலே ஒருவன் தூங்க வேண்டும்.
போன் பண்ணலாம். எடுக்கமாட்டான்.

இரவு 2:14. மூடி திறக்கப்பட்டது.

எழுந்து உட்கார்ந்து மேல்பங்கில் தலையை இடித்துக்கொண்டேன்.
திருடனா.
ராம் பட்டைகளைப் பிடுங்கி விற்கப்போகிறானா.
கம்பிகளைக் கத்தரிப்பானா, என் மேல் உள்ள கோபத்துக்கு.
மூன்றாம் விசிறி: பூஜ்யம்.
மூன்றாம் விசிறி: காணவில்லை.
அலை ஒன்று வந்து இணைப்பைத் தின்றது.
திரும்பி வந்தபோது
மூன்றாம் விசிறி: நாலாயிரத்து எண்பது சுற்று.

என்ன செய்ய.
அதன் நெற்றியில் ஒரு நீல விளக்கு உண்டு.
ஆயிரம் எந்திரங்கள் அடுக்கிய கூடத்தில்
இன்னதுதான் என்று ஆளுக்கு அடையாளம் காட்ட.
எங்கள் நிலவறையில் இருப்பதோ ஒன்றே ஒன்று.
ஏற்றினேன்.
அரை நிமிடம் எரிந்தது. பிறகு அணைந்தது.
பொத்தானை அழுத்தியிருக்கிறான்.
திரும்ப ஏற்றினேன்.
அணைத்தான்.
நான் ஒன்றும் செய்யவில்லை.
எஞ்சின் அதிர்வில் பற்பசைக் குவளை நகர்ந்துகொண்டே இருந்தது.
2:39. நீல விளக்கு: எரிகிறது.
நான் ஏற்றியதல்ல.

2:41. மூடி மூடப்பட்டது.

வீட்டுக்குப் போனபோது அவன் ஸ்ப்ராட் மீன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தான்.
நிமிரவில்லை. என் தட்டில் அந்த மாத பில்.
அடியில் பென்சிலால் சேர்த்திருந்தான்:
விசிறி, ஆறு யூரோ.
பத்து வைத்தேன்.
சட்டைப்பை, கால்சட்டைப்பை, ஜன்னல் விளிம்பு என்று துழாவி
நாலு யூரோவை எண்ணி
மீன் எண்ணெய் விரல்களால் என் பக்கம் தள்ளினான்.