ஒட்டு

பாய்மரத்தில் நான் முதலில் பார்த்தது பாயை.
பிறகுதான் வெமுண்டை.
முட்டியளவுத் தண்ணீரில் இறங்கி
மூட்டையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு
ஏதோ கத்திக்கொண்டே வந்தான்.
உயிரோடுதான் இருக்கிறான், சரி.
பாய் கிழிந்திருக்கிறதா?

இரண்டு குளிர்காலம் அது.
நானும் அஸ்னியும்,
அஸ்னி போனபின் நான் மட்டும்.
கல் கட்டித் தொங்கவிட்ட பாவின் முன்னால்
இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக
நடந்த நடையை நேராகப் போட்டிருந்தால்
அவர்களுக்கு முன்பே
மேற்குத் தீவுகளுக்குப் போய்த் திரும்பியிருப்பேன்.
குதிரைக் கொழுப்பும் தாரும் செம்மண்ணும் காய்ச்சி
வெறுங்கையால் தேய்த்தேன், காற்று ஒழுகாதபடி.
அறுவடை வரைக்கும் நகக்கண்ணில் சிவப்பு.
சோற்றுக்கஞ்சியிலும் தார் மணத்தது என்றான் கிளெங்.
கப்பலுக்குப் பெயர் வைத்து
அதன் மூக்கில் பீர் ஊற்றினார்கள்.
பாய்க்கு யார் பெயர் வைப்பார்கள்?

புல்மேட்டில் விரித்தோம். உப்பு பொருபொருவென்று உதிர்ந்தது.
வெமுண்ட் ஒரு வெள்ளிக் கிண்ணம் காட்டினான்,
பங்கு பிரிக்கத் தோதாக
நான்காய் வெட்டி நசுக்கியிருந்தார்கள்.
நான் நான்காவது பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கீழ்விளிம்புக்கு ஒரு முழம் மேலே
ஓர் ஒட்டு.

என் கம்பளி இல்லை.
வெளுத்த ஆளித்துணி, இரண்டாய் மடித்தது,
ஓரத்தில் பொன்னிழை ஓடியது.
எந்தப் பீடத்தை மூடியிருந்ததோ.

"புயல்லே கிழிஞ்சது. பையன்கள் தைச்சாங்க."

பையன்களின் தையல் எனக்குத் தெரியும்.
காயத்தைத் தைப்பதுபோல்
பல்லைக் கடித்துக்கொண்டு நாலே இழுப்பு, ஒரு முடிச்சு.
இது விளிம்பை உள்ளே மடித்து,
கிழிசல் போன வழியே தானும் போய்,
வாற்கோதுமை மணியில் பாதிப் பாதியாக
எங்கும் இறுகாமல், எங்கும் தளராமல்.
சாய்வு மட்டும் தலைகீழ்.
ஆடுகிற கப்பலில்
ஈரப்பாயை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு
ஓர் இடதுகைக்காரி உட்கார்ந்திருக்கிறாள்.

"அவ எங்கே?"

வெமுண்ட் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
கிளெங்குக்குப் பதினாலு வயசு, முதல் பயணம்,
எதைச் சொல்லக்கூடாதென்று இன்னும் தெரியாது:
"ஹெடெபியிலே வித்தாச்சு.
இருமினாளா, அதனாலே கொஞ்சம் குறைச்சுட்டாங்க."
பிறகு பாசிமணிகளை என் கையில் கொட்டினான்.
நீலம். ஏழு. ஒன்று உடைந்தது.

அன்றிரவு எல்லாரும் குடித்துச் சாய்ந்தபின்
கத்தியோடு வெளியே வந்தேன்.
ஒட்டைப் பிரித்துவிட்டு
என் கம்பளியால் மூடிவிடலாம் என்றுதான்.
கோடை இரவு, இருட்டவே இல்லை,
யார் வந்தாலும் பார்த்திருப்பார்கள்.
மூன்று தையல் அறுத்தேன்.
மடிப்புக்குள் விரலில் ஏதோ குத்தியது.

எலும்பு ஊசி. சுண்டுவிரல் நீளம்.
மறந்து விட்டாளா, ஒளித்து வைத்தாளா?
ஒளித்தாள் என்றால்
எடுக்க எப்போது வருவதாக நினைத்திருந்தாள்?

கரை ஏறி ஒருத்தியைத் தூக்க
காற்று வேண்டும்.
காற்றைப் பிடிக்க என்ன வேண்டும் என்பது
எனக்குத் தெரியாததில்லை.
அறுத்த மூன்று தையலையும் திரும்பப் போட்டேன்.
சாய்வு சேரவில்லை.

அடுத்த கப்பல் பெரிது, இருபது துடுப்புக்கு மேல்,
பாயும் அகலமாக வேண்டுமாம்.
கிளெங் ஆற்றோரம் போய்
தறிக்கல் பொறுக்கி வந்திருக்கிறான்,
ஓட்டையுள்ளதாய்ப் பார்த்து, கெட்டிக்காரன்.
பாவு ஏற்றியாயிற்று.

பட்டைகளை மூட்ட அந்த ஊசியைத்தான் எடுக்கிறேன்,
என்னுடையதைவிட நல்ல ஊசி.
ஆனால் வேறொரு கட்டைவிரலுக்குத் தேய்ந்தது,
என் கையில் நிற்காமல்
வழுக்கிக்கொண்டே இருக்கிறது.