கை வைக்காதீர்

கோப்பின் முதல் வரியிலேயே எழுதியிருக்கும்:
"இது வரைபடத்திலிருந்து பிறந்தது. கை வைக்காதீர்.
வைத்தது அடுத்த பிறப்பில் அழியும்."
மறுபிறவி பற்றி இத்தனை நிச்சயமாகப் பேச
ஃபிரீஸ்லாந்தில் எந்தப் பாதிரியாருக்கும் துணிவில்லை.

எங்களிடம் ஐந்து மதகுகள், எட்டுத் தூக்குப்பாலங்கள்.
ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொருவர் எழுதிய நிரல்.
ஒன்றில் கதவு 'திறந்தது'.
இன்னொன்றில் 'மூடவில்லை'.
மூன்றாவதில் வெறும் ஏழு.
ஏழு என்றால் என்ன என்று தெரிந்த ஒரே ஆள் வீப்ரென்
ஓய்வு பெற்றுப் பாய்மரப் படகு வாங்கிவிட்டான்,
போனை எடுப்பதில்லை.

அப்போதுதான் ரிக்ஸ்ட் வந்தாள்.
"இனி நிரல் எழுத வேண்டாம்,
மதகு எப்படி நடக்க வேண்டுமோ அதை வரையுங்கள்" என்றாள்.
இரண்டு நாள் பயிற்சி, ஆப்பிள் கேக்.
பெட்டி, அம்பு, பெட்டி.
"படம் வரைந்தால் படகு போகுமா?"
டவ்வெ கேக்கை மட்டும் ஒப்புக்கொண்டான்.

ஏட்டுச் சுரைக்காய் என்றுதான் நானும் நினைத்தேன்.
அவளோ ஒரு பொத்தானை அழுத்தினாள்,
நாலு மணிக்குள் கறியாகி வந்துவிட்டது:
பதினேழாயிரம் வரி,
ஒரு வரியிலும் ஏழு இல்லை.

ஜனவரியில் நான்காம் மதகு உறைந்தது.
கதவு திறக்கவுமில்லை, மூடவுமில்லை.
வரைபடத்தில் அப்படியொரு பெட்டியே கிடையாது.
இரவு இரண்டு மணி. நான் மட்டும்.
பிறந்த நிரலுக்குள் மூன்று வரி செருகினேன்:
நாற்பது விநாடி பொறு, மறுபடி தள்ளு.
தள்ளியது. பனி நொறுங்கும் சத்தம்
கண்காணிப்பு மைக்கில்
யாரோ ரஸ்க் கடிப்பதுபோல் கேட்டது.
யாரிடமும் சொல்லவில்லை.
வெட்கமா பெருமையா, இன்றுவரை தெரியாது.

இலையுதிர் காலத்தில் ரிக்ஸ்ட்
ஒரு விளக்கின் பெயரில் இருந்த எழுத்துப்பிழையைத் திருத்தி
பொத்தானை அழுத்தினாள்.

டிசம்பரில், சர்க்கரைக்கிழங்கு ஏற்றிய கப்பலொன்று
அதே மதகில் ஆறு மணி நேரம் நின்றது.
கப்பல்காரி ஒவ்வொரு அரைமணிக்கும் ஒருமுறை
சங்கு ஊதினாள், கோபமாக அல்ல,
மணி சொல்வதுபோல்.

காலையில் ஒப்புக்கொண்டேன்.
ரிக்ஸ்ட் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.
"அந்த நாற்பது விநாடியும்
கதவு என்னவாக இருந்தது?" என்று கேட்டாள்.

ஐந்து பேரிடமும் சொல் இல்லை.
'பழுது' என்றான் ஒருவன்; பழுதில்லையே.
'காத்திருப்பு' என்றேன்; காத்திருந்தது நாங்கள்.
கோட்டைக் கழற்றாமலே நின்ற டவ்வெ
ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:
"தயங்கியது."

புதுப் பெட்டி. உள்ளே 'தயங்குகிறது'.
சரிபார்க்கும் கருவி உடனே சிவந்தது:
*இந்த நிலைக்குள் வரலாம், வெளியேற வழியில்லை.*
நாற்பது விநாடி கழிந்தும் தயங்கினால்?
இரண்டாம் முறையும்? மூன்றாம் முறையும்?
மதிய உணவு ஆறிப்போகும்வரை சண்டை.
கடைசியில் ரிக்ஸ்ட் ஓர் அம்பை
பெட்டிகளுக்கு வெளியே இழுத்து
நுனியில் ஒரு குச்சி மனிதனை வரைந்தாள்.
"யாரையாவது கூப்பிட வேண்டும். யார் எண்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பொத்தானை அழுத்தினோம்.
ஐந்து மதகுகளுக்கும் ஒரே நாளில் தயங்கத் தெரிந்தது,
ஆலையின் வெந்நீர் வந்து விழும்,
ஒருநாளும் உறையாத
இரண்டாம் மதகுக்கும்கூட.

நேற்றிரவு மூன்று பத்துக்குப் போன் ஒலித்தது.
பதிவுசெய்த பெண்குரல், மிக மரியாதையாக:
"நான்காம் மதகு. மேற்குக் கதவு. தயங்குகிறது."
பூட்ஸில் ஒன்று அகப்பட்டது, மற்றது கட்டிலடியில்.
காரில் பனி உடைக்கும் இரும்புக்கோல்.
சாலையில் எவருமில்லை.
கதவு அங்கே ஒரு முழ இடைவெளியில் நின்றது,
வரைந்ததுபோலவே.

கையுறையைக் கழற்றிவிட்டு
அதன்மேல் கை வைத்தேன்.