கொசுறு

பக்கத்து இருக்கையில்
ஐம்பது பவுண்ட் எடைக்கல்.
ஆள் என்று நினைத்து வண்டி கத்திக்கொண்டே வந்தது.
டவ்னர் தாண்டி ஓரங்கட்டி
அதற்கும் பெல்ட் மாட்டிவிட்டேன்.
இப்போது இருவரும் பத்திரம்.

வடக்கு டகோட்டாவின் தானியக் கிடங்குகளில்
லாரி ஏறி நிற்கும் தராசுகள்
பொய் சொல்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை.
சரியாக இருந்தால் முத்திரை,
தப்பாக இருந்தால் சிவப்பு அட்டை.
இரண்டுக்கும் யாரும் காபி தருவதில்லை.
என்னைக் கண்டதும் கிடங்குக்காரர்களுக்கு
அவசரமாய் ஒரு போன் வந்துவிடும்.

விடுதி அறையில் எல்லாமே இரண்டு.
இரண்டு தலையணை, இரண்டு தம்ளர்,
காகிதம் பிரிக்காத இரண்டு சோப்பு.
லவான் கடையின் கவுண்டரில்
ஒரு ஸ்டூல், ஒரு முட்கரண்டி, ஒரு ஆள்.
கணக்கு இங்கேதான் நேராகிறது.

தண்டவாளம் பற்றவைக்கும் ஆர்லின்
கை கழுவியும் போகாத கரியோடு.
காற்றாலைச் சிறகு ஒன்றை ஏற்றி வந்த ட்வைலா,
சாப்பிடும்போதும் ஜன்னலையே பார்த்தபடி:
அவள் சுமை இந்தக் கடையைவிட நீளம்.
கலிபோர்னியாவிலிருந்து பெட்டி பெட்டியாய்
தேனீக்களைத் திருப்பிக் கொண்டுவரும் அண்ணன் தம்பி.
தம்பியின் காலரில் ஒன்று
இன்னும் இறங்காமல் உட்கார்ந்திருக்கிறது.

எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை.
பிள்ளைகள் எத்தனை, கேட்பதில்லை.
"ரோடு எப்படி?"
"காத்துதான்."
அவ்வளவுதான். அதில்
தூங்கினாயா, உடம்பு பரவாயில்லையா,
வீட்டில் பேசினாயா எல்லாம் அடக்கம்.

மே மாதம் ஒரு புதன்கிழமை
லவான் சமையலறைக்குள் போய்
பிசுக்கேறிய சின்னத் தராசை
என் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள்.
"நீ தராசுக்காரன்தானே? பாரேன்."

சட்டைப்பையில் பித்தளைக் கற்கள் எப்போதும் உண்டு.
ஆறு அவுன்ஸ் வைத்தேன்.
முள் ஐந்தில் நின்றது.
எடுத்துத் துடைத்துத் திரும்ப வைத்தேன்.
ஐந்துதான்.
"ஒரு அவுன்ஸை முழுங்குது," என்றேன்.

உள்ளே வெண்டலின் கத்தி நின்றது.
ரொட்டிமேல் அடுக்கிக் குழம்பு ஊற்றும் மாட்டிறைச்சி
தட்டுக்கு ஆறு அவுன்ஸ் என்பது கடைக் கணக்கு.
முள் ஆறைத் தொடும்வரை
அவன் ஏழு வைத்திருக்கிறான்.
தினம் நாற்பது தட்டு. எட்டு வருஷம்.

ஆர்லின் பேப்பர் நாப்கினில்
பென்சிலால் பெருக்கிப் பார்த்துச் சொன்னான்:
"ஒரு டஜன் மாடு."

கவுண்டரில் எல்லோரும்
அவரவர் தட்டைக் குனிந்து பார்த்தார்கள்.
ட்வைலா முட்கரண்டியைக் கீழே வைத்தாள்.
பன்னிரண்டு மாடுகளைச்
சத்தமில்லாமல் தின்று தீர்த்தவர்கள்
வேறெங்கே பார்ப்பார்கள்?

அடியில் ஒரு திருகாணி.
கால் சுற்று போதும்.
திருப்புளியை வெளியே எடுத்துவிட்டேன்.

லவான் கேட்டாள்:
"சமையலறைத் தராசுக்குச் சட்டம் உண்டா?"
"இல்லை. விற்பனைத் தராசுக்குத்தான்."
"அப்போ அதை உள்ளே வை."

என் படிவத்தில்
கூடுதலுக்கு ஒரு கட்டம், குறைவுக்கு ஒரு கட்டம்.
கொசுறுக்குக் கட்டம் கிடையாது.
பித்தளைக் கற்களை ஒவ்வொன்றாய்ப் பைக்குள் போட்டேன்.
வெண்டலின் கத்தி மறுபடி நடந்தது.

அடுத்த புதன்கிழமை மெனு அட்டையில்
மாட்டிறைச்சித் தட்டின் விலைமேல்
ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது.
ஐம்பது சென்ட் அதிகம்.
யாரும் வாய் திறக்கவில்லை.
ஆர்லின் மட்டும் துண்டை நகத்தால் நெம்பி
பழைய விலையை ஒருமுறை பார்த்துவிட்டு
திரும்ப அழுத்தி ஒட்டினான்.

"ரோடு எப்படி?"
தட்டை வைத்தாள். குழம்பு விளிம்பைத் தாண்டி
கவுண்டரில் ஒரு விரல் அகலம் ஓடியது.
"காத்துதான்," என்றேன்,
ரொட்டியால் அதையும் வழித்துக்கொண்டே.